சரி, ரத்து

கோபம் வந்தால் எல்லோரும் மரியாதையைக் குறைப்பார்கள். அவர் கூட்டுவார். ‘சொல்லுங்க’ என்பது ‘சொல்லுங்கங்க’ ஆகும். ‘இல்லை’ என்பது ‘இல்லைங்க’ ஆகி, அதுவும் போதாமல் ‘இல்லைங்களே’ என்று நீளும். ஒரே பேச்சில் நாலைந்து ‘ங்க’ விழுந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்ப்பதுபோல் நடிக்கத் தொடங்குவோம். பெரும்பாலும் அந்த ‘ங்க’ என்னை நோக்கித்தான் வரும்.

பில்டு மேடம் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறது என்று கடிதம் போடுவார்.

கும்பகோணத்தில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். யூரியா வாடை படியேறி வந்து கூடவே உட்காரும். மொத்தம் ஐந்து பேர். விவசாயிகள் காப்பீட்டுக்கும் மானியத்துக்கும் விண்ணப்பம் போடுகிற கிராமச் சேவை மையங்களுக்கு, தமிழிலேயே இயங்கும் கணினி தயாரித்துத் தருவதாக எங்கள் மேலாளர் ஒப்பந்தம் எடுத்திருந்தார். கணினியைத் திறந்ததும் கண்ணில் படுகிற சன்னல், பட்டன், பட்டியல், கோப்புகளைக் காட்டும் பெட்டி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் டெஸ்க்டாப். எங்கள் கணினிகளை இயக்கும் லினக்ஸில் அதை உலகம் முழுவதும் இருக்கிற ஆட்கள் இலவசமாக எழுதுகிறார்கள். தினமும் எழுதுகிறார்கள், தினமும் மாற்றுகிறார்கள், தினமும் எதையாவது உடைக்கிறார்கள். முழுசாக வெந்து வெளியே வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த அரைவேக்காட்டை அன்றன்றைக்கு இறக்கி, கணினியில் கட்டி, ஓட்டிப் பார்த்து, எங்கே விழுகிறது என்று சொல்வது பில்டு மேடத்தின் வேலை. அதில் வருகிற ஆங்கிலச் சொற்களை எல்லாம் தமிழாக்குவது என் வேலை. அதற்கு முன் பத்து வருடம் ஒரு வார இதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தமிழ் விஷயத்தில் எனக்கு மேல் யாரும் இல்லை என்ற நினைப்பு எனக்கு அப்போது உண்டு.

காலை ஒன்பதரைக்கு வந்ததும் பில்டை, அதாவது அந்தக் கட்டும் வேலையை, ஓட விடுவார். முடிய மூன்று மணி நேரம் ஆகும். திரையில் வரிகள் அருவிபோல் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் யாரும் அதைப் பார்க்க மாட்டோம், பார்த்தாலும் புரியாது. அவர் தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு அதையே படிப்பார். பாதி வாய் மெல்லும்போது நிறுத்தி, “இது நேத்து இல்லையே” என்பார். நானும் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஓடுகிற பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிற மாதிரி இருந்தது. கண் வலித்ததுதான் மிச்சம்.

ஒருமுறை பில்டு முக்கால்வாசி ஓடிக்கொண்டிருந்தபோது, பெருக்க வரும் அம்மா செல்போனுக்கு சார்ஜ் போட வேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். இரண்டேகால் மணி நேர வேலை போச்சு. மேலாளர் எழுந்து வந்து கத்தினார். கண் எங்கே இருக்கிறது, பல தடவை சொன்னதில்லையா, நாளையிலிருந்து வராதே என்றெல்லாம். அந்த அம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பில்டு மேடம் குறுக்கே வந்து நின்றார்.

“அஞ்சு பிளக்கும் ஒரே கருப்பா இருக்குங்க. எதைப் பிடுங்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கோங்களா? அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

மூன்று ‘ங்க’. மேலாளர் உள்ளே போய்விட்டார். பிறகு பில்டு மேடம் சிவப்பு டேப் வாங்கி வந்து அந்தப் பிளக்கில் சுற்றினார். சுற்றியதோடு விட்டாரா? எங்கள் புகார்ப் பட்டியலில் அதையும் பதிந்தார். செய்தது: பிளக் பிடுங்கப்பட்டது. நடந்தது: பில்டு நின்றது. நடந்திருக்க வேண்டியது: பிளக்கைப் பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை தடவை: ஒன்று. மென்பொருள் பிழைகளுக்கு நடுவே அது ஒரு எண் போட்டு உட்கார்ந்திருந்தது. நாங்கள் சிரித்தோம்.

அவர் எழுதுகிற எல்லாப் புகாரும் இந்த நான்கு வரிதான். ஐந்தாவது வரி கிடையாது. யார் செய்தார் என்று எழுத மாட்டார். நான் கேட்டேன், அதற்கும் ஒரு வரி போடலாமே என்று. ஆளைப் பற்றி எழுதினால் எல்லோரும் ஆளைப் படித்துவிட்டு மீதி நான்கு வரியைப் படிக்க மாட்டார்கள் என்றார்.

வெளிநாட்டில் இருந்து டெஸ்க்டாப்பை எழுதுகிறவர்களோடு அவருக்கு ஓயாத சண்டை. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகத் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு வேறு. ஒருவர் ஒரு விதமாகத் தட்டி வைத்த ஸ்ரீதரனை, இன்னொருவர் வேறு விதமாகத் தட்டித் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இவர் புகார் எழுதினார். எங்கோ குளிர் நாட்டிலிருந்து ஒருவர், நீங்கள் அனுப்பிய இரண்டு படத்திலும் பெயர் ஒன்றாகத்தானே தெரிகிறது, பிழை எதுவும் இல்லையே என்று எழுதி மூடிவிட்டார்.

“தெரியறது ஒண்ணாத்தான் இருக்கு. அதுதானே சார் புகாரே” என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி திறந்தார். அவர் மூடினார். இவர் திறந்தார். ஏழு மாதம் நடந்தது இந்தக் கூத்து. கடைசியில் அந்த ஆள் அசந்து போய்ச் சரிசெய்தார். செய்துவிட்டு, உங்கள் ஊரில் எல்லோரும் இப்படியா என்று கேட்டிருந்தார். இல்லை, மற்றவர்கள் இன்னும் பொறுமைசாலிகள் என்று பதில் போட்டார் இவர்.

கட்டி முடித்த அரைவேக்காட்டை அவர் தன் சொந்த மடிக்கணினியில்தான் ஏற்றுவார். அலுவலகக் கணினி இருக்கிறதே என்றால், நாள் பூராவும் புழங்குகிற மிஷினில்தான் உண்மையான பிழை வரும் என்பார். ஒருநாள் அது அவருடைய தங்கை கல்யாணப் படம் அத்தனையையும் விழுங்கிவிட்டது. மறுநாள் நாங்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு காத்திருந்தோம். அவரோ வந்ததும் வராததுமாக, எப்படிச் செய்தால் படம் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டதாகவும் மூன்று தடவை செய்து பார்த்தாகிவிட்டது என்றும் சந்தோஷமாகச் சொன்னார். தங்கை என்ன சொன்னார் என்று கேட்டேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்றார். எனக்கு அன்று அவரைக் கண்டு கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

குடவாசல் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்து, பிற்பாடு இரண்டு மா நிலம் வாங்கியவர்கள். கல்லூரியில்தான் முதன்முதலாகக் கணினியைத் தொட்டாராம். முதல் நாள் ஆய்வகத்தில் எல்லோரும் ஏதோ ஒரு நிரலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆசிரியர் “சரி, போதும், அதை விட்டு வெளிய வாங்க” என்று சொல்லியிருக்கிறார். இவர் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, அறையை விட்டு வெளியே போய் நின்றிருக்கிறார். கல்லூரியை விட்டுப் போகும்வரை அவரைக் கண்டால் “வெளிய வா” என்று பிள்ளைகள் கூப்பிடுவார்களாம். இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“சொன்னது அவரு. சொன்னபடி செஞ்சது நான். சிரிச்சது என்னைப் பாத்து” என்றார்.

எங்கள் கணினிகளைச் சேவை மையங்களுக்கு அனுப்ப ஒரு மாதம் இருந்தது. குறுவை அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடந்த நேரம். ஈரப்பதம் சரியில்லை, சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று நாள் கணக்கில் ஆட்கள் நெல்லுக்குக் காவல் இருந்தார்கள். பில்டு மேடத்துக்கு அது போதாதா? சும்மா உட்கார்ந்திருக்கிற விவசாயிகள் இத்தனை பேர் வேறு எங்கே கிடைப்பார்கள் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தமிழ் எப்படி இருக்கிறது என்று பார்க்க என்னையும் கூப்பிட்டார். பாராட்டு வாங்கப் போகிற எண்ணத்தில் நானும் போனேன்.

தார்ப்பாய் போட்ட குவியல்களுக்கு நடுவே, மூட்டைமேல் மடிக்கணினியை வைத்தார். ஒவ்வொருவராக உட்கார வைத்தார். மற்றவர்கள் மவுஸைப் பிடித்திருக்கும்போது அவர் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிரில் ஆள் திண்டாடினாலும், வியர்த்தாலும், கெஞ்சினாலும் கையை முன்னால் கொண்டுவர மாட்டார். சொல்லிக் கொடுக்கவும் மாட்டார். நான் ஒருவருக்கு “அங்க, மேல” என்று ஆரம்பித்ததற்கு ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன்.

அவர் கேட்டது இவ்வளவுதான்: இது உங்கள் பயிர்க் கணக்கான அடங்கலின் நகல் இருக்கிற கோப்புறை. கை தவறி அழிக்கிற இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். இப்படி ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளே இருப்பது அழியக் கூடாது. எதை அமுக்குவீர்கள்?

பெட்டியில் ‘இக்கோப்புறை நிரந்தரமாக நீக்கப்படும்’ என்று இருந்தது. கீழே இரண்டு பட்டன். ஒன்று ‘சரி’, இன்னொன்று ‘ரத்து’. மூன்றும் என் கைவண்ணம்.

முதலில் உட்கார்ந்தவர் நாற்பது வயதுக்காரர், பத்தாவது வரை படித்தவர். பெட்டியை எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று படித்தார். யோசித்தார். ‘சரி’யை அமுக்கினார். கோப்புறை போய்விட்டது. பில்டு மேடம் ஏன் என்று கேட்டார்.

“ரத்துன்னு போட்டிருக்குங்களே. அதைப் போயி அமுக்கினா பட்டாவே போயிடாதா? சரின்னா எல்லாத்தையும் சரியா வச்சிடும்னு நெனச்சேன்.”

அடுத்து வந்த பெண்மணியும் ‘சரி’. அதற்கடுத்தவரும் ‘சரி’. ஒன்பது பேரில் ஆறு பேர் அதையே அமுக்கினார்கள். ஒருவர் இரண்டையும் அமுக்காமல் மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டார். இன்னொருவர் மவுஸை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, விஏஓவை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். ஒரே ஒருவர்தான் ‘ரத்து’ என்பதை அமுக்கினார். அவர் பன்னிரண்டு வருடம் துபாயில் இருந்தவர். விசா ரத்தான அன்றைக்குத்தான் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கிளம்பினாராம், அந்த வார்த்தைமேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லையாம். பில்டு மேடம் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் டீக்கடையில் வைத்து வாதாடினேன். ‘ரத்து’ இருபது வருடமாகக் கணினித் தமிழில் இருக்கிறது, எல்லாச் சொற்பட்டியலிலும் இருக்கிறது, ரயில் ரத்து என்றால் இவர்களுக்குப் புரியவில்லையா, ஒன்பது பேர் குழம்பினால் சொல்லை மாற்றிவிடுவதா, கொஞ்சம் பழகினால் வந்துவிடும். அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார்.

“ரயில் ரத்துன்னாலும் கெட்ட சேதிதானே சார்? பட்டா ரத்து, கடன் ரத்துன்னு சொல்லி அப்புறம் அந்த ரத்தையே ரத்து பண்ணினது, பேருந்து ரத்து. இந்த வார்த்தை அவங்க வீட்டுக்கு எப்ப சார் நல்லதைக் கொண்டாந்திருக்கு? பயந்துபோய் நிக்கிறவங்களுக்குக் கைப்பிடி குடுக்கணும். நாம கத்தியைக் குடுத்திருக்கோம்.”

‘வேண்டாம்’ என்று போடலாம் என்றார். அவ்வளவுதான், ஒரு சொல். நான் அது பேச்சுவழக்கு மாதிரி இருக்கிறது, கௌரவமாக இல்லை என்றேன். அவர் சண்டை போடவில்லை. ஒரு வாரம் ‘வேண்டாம்’ வைத்துத் தனியாக ஒரு பில்டு கட்டினார். ‘ரத்து’ வருகிற ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்தார். ‘சேமிக்க வேண்டாமா?’ என்று நான் ஓரிடத்தில் கேட்டு வைத்திருந்தேன். அதன் கீழ் ‘வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று கடவுளுக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கொள்முதல் நிலையத்துக்கு மறுபடி போய் வேறு ஒன்பது பேரை உட்கார வைத்தார். ஒன்பது பேரும் ‘வேண்டாம்’ என்பதை அமுக்கினார்கள். பிறகு அவருடைய நான்கு வரியில் புகாரைப் பதிந்தார். மொழிப் புகார் எல்லாம் தானாகவே என் பெயருக்குத்தான் வந்து சேரும்.

அதற்குள் நான் எழுதிய பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. பக்கத்துக்குப் பக்கம் ‘ரத்து’ படத்தோடு இருந்தது. மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இப்போது மாற்றினால் கையேட்டையும் மாற்ற வேண்டும், தேதி தள்ளும், இது பிழையா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துவிடுங்கள் என்று என்னிடம் விட்டார். நான் ‘பிழை அன்று, வழக்கிலுள்ள கலைச்சொல்’ என்று எழுதிப் புகாரை மூடினேன். காற்புள்ளிகூடச் சரியாகப் போட்டேன்.

எல்லாம் சோதித்தாகிவிட்டது, சரி என்று உறுதி சொல்கிற சோதனைத் தாளில் பில்டு மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். மேலாளர் அதட்டினார், கெஞ்சினார், வேலையை நினைத்துப் பார் என்றார். “நான் பாத்தேன், விழுந்துச்சு. விழலைன்னு எப்படிங்க எழுதறது?” என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவருக்கான கட்டத்தில் மேலாளரே ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பக்கத்துக் கட்டத்தில் என் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கணினிகள் போயின. விளக்கேற்றி, கைதட்டி, போட்டோ எடுத்தார்கள்.

சம்பா காப்பீட்டுக்குக் கடைசி வாரம். ஒரு மையத்தில் வேலை பார்த்த பெண், வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது, ஒரு தெரு முழுவதன் அடங்கலையும் பாஸ்புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்திருந்தார். சர்வர் வந்ததும் ஏற்றிவிடலாம் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பக்கத்தில் ஒரு காலிக் கோப்புறை இருந்தது. அதை அழிக்கப் போய்க் கை தவறி இதைத் தொட்டுவிட்டார். பெட்டி வந்தது. தப்பான இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, வியர்த்துவிட்டது, எதையாவது செய்து காப்பாற்ற வேண்டும். ‘சரி’யை அமுக்கினார். பெட்டி மறைந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தார். சர்வர் வந்ததும் மற்ற கோப்புறைகளோடு சேர்த்து மொத்தமாக ஏற்றினார், ஒன்று குறைகிறது என்று கணினி சொல்லவில்லை. தை பிறக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, முற்றிய கதிர் அத்தனையும் தண்ணீரில் சாய்ந்த பிறகுதான், அந்தத் தெருவில் ஒருவர் பெயர்கூடக் காப்பீட்டில் இல்லை என்று தெரிந்தது.

தஞ்சாவூரில் விசாரணை வைத்தார்கள். ஒப்பந்தம் கொடுத்த அமைப்பிலிருந்து ஓர் அதிகாரி, எங்கள் மேலாளர், நான், அந்தப் பெண். பில்டு மேடத்தைக் கூப்பிடவில்லை, அவரே வந்தார். எங்கள் தரப்பு அறிக்கை முன்கூட்டியே தயாராக இருந்தது: பயனர் தவறு. அந்தப் பெண்ணும் எழுந்து நின்று, “நான்தான் சார் தப்பா அமுக்கிட்டேன். என் தப்புதான்” என்றார். பில்டு மேடம் அவர் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்து மரியாதையே இல்லாமல் அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“தப்புன்னு சொல்லாதடி. உக்காரு.”

பிறகு மடிக்கணினியைத் திறந்து அதிகாரியின் முன்னால் வைத்தார். கை பின்னால் போனது. உங்கள் சொந்த நிலத்துப் பத்திரம் இந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அழியக் கூடாது, ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்கள் என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே, மேலாளரிடம் ஏதோ பேசிக்கொண்டே, மவுஸை நகர்த்தி ‘சரி’யை அமுக்கினார். கோப்புறை போய்விட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சுவாக்கில் அமுக்கிவிட்டேன், சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

“நீங்க அமுக்கினா பேச்சுவாக்குலங்க. அவங்க அமுக்கினா தப்புங்களாங்க?”

எத்தனை ‘ங்க’ என்று எண்ணிப் பார்க்கக்கூட அன்று எனக்குத் தெம்பில்லை. மேலாளர் முந்திக்கொண்டு, இப்படி ஒரு குறை இருந்தால் முன்பே புகார் பதிந்திருக்கலாமே என்றார். மனசாட்சியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்த ஆளால்தான் அப்படிக் கேட்க முடியும். பதிந்திருக்கிறேன் என்று அவர் பட்டியலைத் திறந்து காட்டினார். புகார் எண் இருந்தது, அதன் எதிரே ‘மூடப்பட்டது’ என்று இருந்தது. யார் மூடியது என்று அதிகாரி கேட்டார். இன்னொரு தடவை அமுக்கினால் என் பெயர் வரும். பில்டு மேடத்தின் விரல் மவுஸ்மேல் இருந்தது. நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. நான் யாரையும் பார்க்கவில்லை.

“யாருங்கறது முக்கியம் இல்லைங்க. ஏன் மூட முடிஞ்சுதுங்கறதுதான்.”

அதிகாரிக்கு அதில் அக்கறை இல்லை. மூடியது மூடியதுதானே என்று அடுத்த தாளைப் புரட்டினார். அறிக்கை ஓர் எழுத்து மாறாமல் போனது. அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்தத் தெருவுக்கு ஒரு பைசா வரவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் வேலையாவது மிஞ்சியிருக்கும். திறக்கவில்லை. வீட்டுக் கடன் இருந்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே கட்டிய சப்பைக்கட்டுகளை இங்கே அடுக்கப் போவதில்லை.

பில்டு மேடம் ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாளும் ஒன்பதரைக்கு வந்து பில்டை ஓட விட்டு, தயிர்சாதம் சாப்பிட்டு, இரண்டு பிழை கண்டுபிடித்துவிட்டுத்தான் போனார். என்னிடம் வந்து, போயிட்டு வரேன் சார் என்றார். எங்கே என்று கேட்டேன், வேறு இடம் என்றார். முகத்தில் கோபம் தெரியவில்லை, ‘ங்க’வும் இல்லை.

அடுத்த பதிப்பில் ‘ரத்து’ போய் ‘வேண்டாம்’ வந்தது. யார் சொல்லி வந்தது, எதற்காக வந்தது என்று ஓரிடத்திலும் இல்லை. ‘எளிய மக்களின் இனிய தமிழில்’ என்று மேலாளர் துண்டறிக்கை அடித்தார். கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, அந்தச் சொல்லைத் தந்தவர் என்று என்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். பேசினேன். மக்கள் மொழியை மதிக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினேன். அப்போதே நாக்கு அழுகியிருக்க வேண்டும்.

சால்வை வாங்கிய மறுவாரம், பழைய புகார்களை ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். அவர் கடைசி நாள் பதிந்த இரண்டில் ஒன்று சன்னல் எதுவோ கோணலாகத் திறக்கிறது என்பது. இன்னொன்றைத் தமிழில் எழுதியிருந்தார். செய்தது: ஒரு சொல்மேல் எழுந்த புகார், அந்தச் சொல்லை எழுதியவரிடமே போனது. நடந்தது: அவர் மூடினார். நடந்திருக்க வேண்டியது: வேறொருவர் பார்க்காமல் மூட முடியக் கூடாது. எத்தனை தடவை: ஒன்று. வழக்கத்துக்கு மாறாக ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. ‘அமுக்கியவர்மேல் தவறில்லை. பட்டன் அங்கே இருந்தது, அமுக்கினார்.’

படித்ததும் எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். என்னைப் போய் அந்தப் பெண்ணோடு ஒரே வரியில் நிறுத்திவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண் பயத்தில் அமுக்கினார். அதிகாரி பேச்சுவாக்கில் அமுக்கினார். நான் அன்று ஒன்பது பேர் சொன்னதையும் ஒன்று விடாமல் படித்தேன். கையேடு அச்சில் இருப்பதை நினைத்துக்கொண்டேன். பிறகு ‘மூடு’ என்ற பட்டனை அமுக்கினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தமிழாக்கியவனே நான்தான்.